ஞாயிறு வகுப்புக்குப் படித்துவிட்டு வாருங்கள் (நர்சிங் முதலாண்டு)

வணக்கம் கண்ணுகளா. ஞாயிறு காலை 10 மணிக்கு ஈரோட்டில் வகுப்பு. கோபி, பெருந்துறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் நேரத்திலேயே பஸ் ஏறிவிடுங்கள்.

மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பாருங்கள். 'கேஸ்ட்ர்' இரைப்பை, 'ஐட்டிஸ்' அழற்சி. சேர்த்தால் கேஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சி. வார்டில் ஓர் அம்மாயி "வவுறு எரியுது கண்ணு" என்று சொல்லும்போது, கேஸ்ஷீட்டில் இந்தச் சொல்லைப் பார்க்க நேரலாம்.

ஹைப்பர், ஹைப்போ இரண்டிலும்தான் எனக்குப் பயம். ஹைப்பர்கிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது, ஹைப்போகிளைசீமியா என்றால் குறைந்திருக்கிறது. காதில் சரியாக விழவில்லையா, கூச்சப்படாமல் திரும்பக் கேளுங்கள். சர்க்கரை குறைந்து கிடப்பவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. 'இலியம்' என்ற ஒரே உச்சரிப்பில் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் உண்டு, இடுப்பெலும்பின் மேல்பகுதியும் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் மாறும். எழுதும்போது பார்த்து எழுதுங்கள்.

அப்புறம் உடலின் அடுக்கு: செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம். தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபம், நூல் சேர்ந்து துணியாவது போலத்தான். எபிதீலியம் (உறுப்பை மூடியிருக்கும் படலம்), இணைப்பு, தசை, நரம்பு என்ற 4 வகைத் திசுவும் இரைப்பையிலேயே இருக்கின்றன. இரைப்பையில் அந்த 4 திசுவையும் காட்டும் படத்தை ஆளுக்கொன்று வரைந்து எடுத்து வாருங்கள்.