விலைவாசிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் தேர்தல் கட்டுரை, மக்கள் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று அடித்துச் சொல்கிறது. ஆதாரமாக, பல நாடுகளின் வளர்ச்சி விகிதத்தையும் ஆளுங்கட்சி பெற்ற இடங்களையும் அருகருகே வைத்து ஒரு அட்டவணை போட்டிருக்கிறீர்கள். பொருளாதாரம் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. நடந்ததற்கு யார் பொறுப்பு என்று வாக்காளர் மனதுக்குள் தீர்ப்பு எழுதுவதுதான் அந்தப் படி. அதைத் தாண்டிக் குதித்ததால்தான் உங்கள் அட்டவணையில் இத்தனை விதிவிலக்குகள்.

சட்டைப்பைக் கோட்பாட்டுக்குப் பழைய பின்புலம் உண்டு. ஜெரால்டு கிராமர் என்ற அரசியல் அறிஞர் 1971-ல், 1896 முதல் 1964 வரையிலான அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களை ஆராய்ந்து, தலா உண்மை வருமானம் உயர்ந்தால் ஆளும் தரப்பின் ஓட்டும் உயர்கிறது என்று காட்டினார். ஆளாளுக்குத் தன் வருமானத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று அதற்குப் பலரும் பொருள் கொண்டார்கள். 1979-ல் டொனால்டு கிண்டரும் ரோடரிக் கீவியட்டும் தனிநபர்களிடம் எடுத்த கணிப்புகளைப் புரட்டியபோது வேறு விதமாக இருந்தது. வேலை இழந்தவர், வீட்டு நிலைமை மோசமானவர் என்பதற்காக மட்டும் ஒருவர் ஆளுங்கட்சிக்கு எதிராகத் திரும்புவது குறைவு. தன் வீடு எப்படியிருந்தாலும், நாட்டின் பொருளாதாரம் கெட்டுவிட்டது என்று நினைப்பவரே திரும்பினார்.

யோசித்தால் இதில் வியப்பில்லை. வேலை போனவர் முதலில் முதலாளியை நொந்துகொள்வார், தன் படிப்பை நொந்துகொள்வார், போதாத காலம் என்பார். ஊரெல்லாம் வேலை போகிறது என்று தெரியும்போதுதான் அது அரசாங்கத்தின் கணக்கில் ஏறுகிறது. 1980 அக்டோபர் 28 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், எதிர்க்கட்சி வேட்பாளர் ரீகன் கேட்ட கேள்வியைச் சட்டைப்பைக்கு உதாரணமாக உங்கள் கட்டுரை சொல்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட நன்றாக இருக்கிறீர்களா என்பதோடு அவர் நிறுத்தவில்லை. நாட்டில் வேலையின்மை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, உலகத்தில் அமெரிக்காவுக்கு முன்பிருந்த மதிப்பு இருக்கிறதா என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர்களின் சொந்தக் குறை நாட்டின் குறையாக மாறியது அங்கேதான். அந்த ஆண்டு அமெரிக்கப் பணவீக்கம் 13 சதவீதத்துக்கு மேல். அப்போதைய அதிபர் கார்ட்டர் 50 மாநிலங்களில் 44-ஐ இழந்தார்.

சொந்தப் பையும் சில சமயம் பேசும். பணம் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லாதபோது பேசும். உருகுவேயில் 2005-ல் பதவியேற்ற அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்தது. யாருக்குக் கிடைக்கும் என்பதை ஒரு மதிப்பெண் தீர்மானித்தது. வரம்புக்குச் சற்றே இந்தப் பக்கம் இருந்த குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது, சற்றே அந்தப் பக்கம் இருந்ததற்கு இல்லை. மற்றபடி இரண்டு குடும்பங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பணம் பெற்றவர்களிடம் அரசுக்கான ஆதரவு 11 முதல் 14 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. 2007-ல் திட்டம் முடிந்த பிறகும் அது மறையவில்லை. எல்லா நன்றியும் இப்படி நீடிப்பதில்லை. 2002 ஆகஸ்டில் ஜெர்மனியின் எல்பே ஆற்று வெள்ளத்துக்கு அரசு அள்ளிக் கொடுத்த நிவாரணம், பாதித்த பகுதிகளில் ஆளுங்கட்சிக்கு அந்த ஆண்டுத் தேர்தலில் 7 சதவீதப் புள்ளி சேர்த்தது. 2005 தேர்தலில் அதில் கால்வாசிதான் மிச்சம். 2009-ல் ஒன்றுமே இல்லை.

அடுத்தது விலைவாசி. கட்டுரையின் பெரிய பிழை இங்கேதான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பணவீக்கம் தணிந்த பிறகும் ஆளுங்கட்சி தோற்றதை "வாக்காளரின் மறதி" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 என்று இருந்த விலைநிலை முதல் வருடம் 8 சதவீதம் ஏறினால் 108. இரண்டாம் வருடம் 6 சதவீதம் என்றால் 114.5. மூன்றாம் வருடம் 3 சதவீதம்தான், ஆனாலும் 117.9. பணவீக்கம் 8-லிருந்து 3-க்கு இறங்கிவிட்டது என்று நிதியமைச்சர் சொல்வது உண்மை. ஒரு விலைகூட இறங்கவில்லை என்று வாக்காளர் சொல்வதும் உண்மை. இதே மூன்று வருடமும் சம்பளம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறியிருந்தால் 100 என்பது 112.5 ஆகியிருக்கும். மூன்றாம் வருடம் சம்பள உயர்வு விலை உயர்வை முந்திவிட்டது. இருந்தும் அந்தச் சம்பளத்துக்கு வாங்க முடிந்தது, தொடங்கிய இடத்தைவிட ஏறக்குறைய 4.6 சதவீதம் குறைவு. இதில் மறதி எங்கே இருக்கிறது? வாக்காளர் நினைவு வைத்திருக்கிறார். ஆண்டு விகிதத்தை மட்டும் பார்க்கிறவர்கள்தான் மறக்கிறார்கள்.

பிரிட்டனில் பணவீக்கம் 2022 அக்டோபரில் 11.1 சதவீதத்தைத் தொட்டது. 2024 மே மாதம் அது மத்திய வங்கியின் இலக்கான 2 சதவீதத்துக்கே இறங்கிவிட்டது. ஜூலை 4 தேர்தலில் 14 ஆண்டுகளாக ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தவை 121 இடங்கள். வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த 2 சதவீதத்தால் கட்சிக்கு ஒரு பயனும் இல்லாமல் போனதற்கு மேலே போட்ட கணக்கே விளக்கம்.

வேலையின்மையைவிட விலைவாசி ஆளுங்கட்சியை அதிகம் உலுக்குவதற்கும் காரணம் உண்டு. வேலையின்மை 5-லிருந்து 8 சதவீதமானால் நேரடியாக அடிபடுவது நூற்றில் மூன்று பேர், மற்றவர்களுக்குப் பயம்தான். விலை ஏறினால் நூறு பேருக்கும் அடி. அதோடு, சம்பளம் கூடினால் அது தன் உழைப்பின் கூலி என்றும், விலை கூடினால் அது அரசாங்கம் செய்த வேலை என்றும் எடுத்துக்கொள்வது மனித இயல்பு. பாராட்டு ஒரு பக்கமும் பழி இன்னொரு பக்கமும் போய்விடுகின்றன.

கால அளவிலும் கவனம் வேண்டும். நான்கு ஆண்டு ஆட்சியில் வளர்ச்சி 1, 2, 3, 4 என்று ஏறினாலும் 4, 3, 2, 1 என்று இறங்கினாலும் மொத்தம் ஒன்றுதான், சுமார் 10.4 சதவீதம். முதல் அரசு ஜெயிப்பதற்கும் இரண்டாவது தோற்பதற்கும்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கடைசி வருடமே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மொத்த வருமானம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைத் தெளிவாகக் காட்டினால் இந்தச் சாய்வு பெருமளவு மறைகிறது என்று ஆய்வுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பத்திரிகைகளின் கையில் இருக்கிற வேலை இது. சரியான தகவல் நேரத்துக்கு வராத கொடுமையும் உண்டு. அமெரிக்காவின் மந்தநிலை 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதை அறிவிக்கும் பொறுப்புள்ள குழு சொன்னது 1992 டிசம்பரில். அப்போதைய அதிபர் மூத்த புஷ் நவம்பர் தேர்தலிலேயே தோற்றுப்போயிருந்தார். அந்த ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதம் வரை போயிருந்ததால், மந்தநிலை முடிந்தது என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அட்டவணையில் 2004 இந்தியாவை "புரியாத புதிர்" என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். சுமார் 8 சதவீத வளர்ச்சியோடு ஓர் அரசு தோற்றதில் புதிர் எதுவும் இல்லை. தேசிய சராசரி யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறிய கூட்டணிகளையும் சொல்லாது.

ஒரே கட்சி தனித்து ஆண்டால் பழியும் பெருமையும் ஓரிடத்தில் சேரும். ஐந்து கட்சிக் கூட்டணி ஆண்டால், மேலவை எதிர்க்கட்சி கையில் இருந்தால், வரி ஒரு அரசிடமும் செலவு இன்னொரு அரசிடமும் இருந்தால், யாரைக் கேட்பது? பவல், விட்டன் என்ற அரசியல் அறிஞர்கள் 1993-ல் 19 தொழில்வள நாடுகளை ஒப்பிட்டு இதைத்தான் நிறுவினார்கள். பொறுப்பு தெளிவாக இருக்கும் இடத்தில் பொருளாதாரம் ஓட்டைப் பலமாக அசைக்கிறது, கலங்கிக் கிடக்கும் இடத்தில் அதன் பிடி தளர்கிறது. உங்கள் அட்டவணை இரண்டு வகை நாடுகளையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டது.

கட்சியின் பெயர் ஒருமுறை கெட்டால் நல்ல பொருளாதாரம்கூடக் காப்பாற்றாது. 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டன் பவுண்டைக் காப்பாற்ற வட்டியை ஒரே நாளில் 10-லிருந்து 12 சதவீதமாக்கி, 15 என்றும் அறிவித்து, மாலைக்குள் ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒரு வரம்புக்குள் கட்டிவைத்த மாற்று விகித ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. அதன் பிறகு வளர்ச்சி திரும்பியது, வேலையின்மை இறங்கியது. ஆனாலும் பொருளாதாரத்தை ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் நம்பிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் திரும்பவில்லை. 1997-ல் கன்சர்வேட்டிவ் கட்சி 165 இடங்களோடு வீட்டுக்குப் போனது. 2008 நெருக்கடிக்குப் பின் ஆளுங்கட்சிகளான அயர்லாந்தின் ஃபியன்னா ஃபாயில் 41.6 சதவீதத்திலிருந்து 17.4-க்கும், கிரீஸின் பாசோக் 43.9-லிருந்து 13.2-க்கும் சரிந்தன. ஒன்று மைய வலது, மற்றது சோசலிஸ்ட். நாற்காலியில் யார் இருந்தார்கள் என்பதே அப்போது முதன்மையானது.

இன்னொரு பொறி: காரணமும் விளைவும் தலைகீழாவது. குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஜெயித்த 2016 அமெரிக்கத் தேர்தல் முடிந்த சில வாரங்களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் கணிப்பில், குடியரசுக் கட்சியினரின் பொருளாதார நம்பிக்கை துள்ளி எழுந்தது, ஜனநாயகக் கட்சியினருடையது விழுந்தது. புதிய அதிபர் பதவியே ஏற்கவில்லை. கட்சிக்காரர் சொல்லும் பொருளாதார மதிப்பீட்டில் கட்சிப்பற்றும் கலந்திருக்கிறது.

அடுத்த தேர்தலுக்கு நீங்கள் கருத்துக்கணிப்பு எடுக்கப்போவதாக அறிவித்திருப்பதால் இவ்வளவும் எழுதினேன். படிவத்தில் பொருளாதாரக் கேள்விகளை முதலில் வையுங்கள், எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது கடைசியில் வரட்டும். கட்சியைச் சொன்னவர் பிறகு அதற்கேற்பவே நாட்டு நிலைமையைச் சொல்வார். குடும்பத்தின் கடந்த 12 மாதம், நாட்டின் கடந்த 12 மாதம் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் பதிலைப் பிரிக்க முடியாது. இதற்கு யார் காரணம் என்பதற்கு மத்திய அரசு, மாநில அரசு, நிறுவனங்கள், வெளிநாட்டு நிலவரம், யாருமில்லை என்று ஐந்து விடைகளாவது கொடுங்கள். எதிர்க்கட்சி வந்தால் நன்றாகச் செய்யுமா என்ற கேள்வியை விடாதீர்கள், ஆளுங்கட்சி மேல் கோபம் இருந்தும் மாற்றி ஓட்டுப் போடாதவரைக் காட்டிக் கொடுப்பது அதுதான். பணம் அனுமதித்தால், ஆறு மாத இடைவெளியில் அதே ஆட்களை இரண்டு முறை பேட்டி எடுங்கள். முதல் சுற்றில் சொன்ன பொருளாதார மதிப்பீட்டை இரண்டாம் சுற்றில் சொன்ன ஓட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் எது முன்னால் வந்தது என்று ஓரளவாவது பிடிபடும். முடிவுகளை வெளியிடும்போது ஆண்டு விகிதத்தோடு ஆட்சிக்காலம் முழுவதற்குமான விலைநிலையையும் சம்பளத்தையும் ஒரே கட்டத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்