கான்டாக்ட் லென்ஸ் அணியும் வாடிக்கையாளர்களுக்கு: தண்ணீரையும் அமீபாவையும் பற்றி ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கேரளத்தில் 2024ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும், குளத்து நீரிலும் கிணற்று நீரிலும் குளித்தவர்கள் சிலர் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்த செய்திகள் வந்ததிலிருந்து, நம் கடைக்கு வருவோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே, அது கண் வழியாகவும் உள்ளே போகுமா, லென்ஸ் போட்டுக்கொண்டு தலைக்குக் குளிக்கலாமா, வெள்ளிக் கடற்கரையில் அலையில் நிற்கலாமா என்பவை அதன் கிளைக் கேள்விகள். கண்ணாடி வாங்க நான்கு பேர் காத்திருக்கும்போது இதற்குச் சரியான விடை சொல்ல முடிவதில்லை. அரைகுறையாகச் சொன்னால் வீண் பயமோ வீண் தைரியமோதான் மிஞ்சும் என்பதால், விளக்கமாகவே எழுதிவிடுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பிற உயிரின் உடலை அண்டாமல், மண்ணிலும் நீரிலும் பாக்டீரியாவைத் தின்று தாமே பிழைத்துக்கொள்ளும் அமீபாக்கள் பல வகை உண்டு. அவற்றுள் மனிதருக்கு நோய் உண்டாக்குபவை மிகச் சிலவே. செய்தித்தாளில் பெரிதாக அடிபட்ட நெக்லேரியா ஃபௌலேரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது; மூக்கில் ஏறிய நீரோடு சென்று, முகர்வு நரம்பின் வழியாக மூளையை அடைவது. அந்த நீரைக் குடிப்பதால் அது வராது, கண் வழியாகவும் வராது, கடல் நீரில் அது பிழைப்பதும் இல்லை. வந்தவர்களுள் பிழைத்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அதன்மேல் உள்ள அச்சம் நியாயமானதே. ஆனால் லென்ஸ் அணிபவர் அஞ்ச வேண்டியது அகந்தமீபா என்ற வேறொரு வகை அமீபாவை. அது உயிரைப் பறிப்பது அரிது, பார்வையைப் பறிப்பது உண்டு. குழாய் நீர், கிணற்று நீர், நீச்சல் குளம், கடல், மண், தூசி என அது இல்லாத இடத்தைத் தேடுவதுதான் கடினம்.

இவ்வளவு பரவலாக இருந்தும் மருத்துவ உலகம் அதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1930ஆம் ஆண்டு கஸ்டெல்லானி என்ற ஆய்வாளர் வளர்த்துவந்த ஈஸ்ட்டில் அழையா விருந்தாளியாக அது வந்து சேர்ந்திருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசிக்கான சோதனைகளின்போது திசு வளர்ப்பில் இதே அமீபா புகுந்தது. அதைச் சோதனை எலிகளின் மூக்கில் விட்டபோது அவை மூளை பாதிக்கப்பட்டு இறந்ததைக் கண்ட கல்பர்ட்சன் என்ற ஆய்வாளர், மனிதருக்கும் இப்படி நேரலாம் என்று அப்போதே எழுதினார். 1965இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஃபௌலரும் கார்ட்டரும் மனிதர்களிடம் அமீபாவால் நேர்ந்த மூளைக்காய்ச்சல் மரணங்களை வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஃபௌலேரி என்பது அந்த ஃபௌலரின் பெயரே. கண்ணில் அகந்தமீபா தொற்று அறியப்பட்டது அதற்கும் பிறகு. 1973இல் டெக்சாஸ் மாநிலத்தில் கண்ணில் அடிபட்ட ஒரு பண்ணைக்காரரிடமும், ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலும் அது கண்டறியப்பட்டது. அந்தப் பண்ணைக்காரர் லென்ஸ் அணிந்தவர் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது நம் ஊருக்கும் பொருந்தும் செய்தி.

லென்ஸுக்கும் இந்த அமீபாவுக்கும் உள்ள தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது 1980களின் நடுவில். மென்மையான லென்ஸ் அமெரிக்காவில் பரவலாகிக்கொண்டிருந்த அக்காலத்தில், உப்பு மாத்திரையை வாலைவடி நீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸுக்கான கரைசல் செய்துகொள்ளும் பழக்கம் பலரிடம் இருந்தது. நோய் திடீரென அதிகரித்ததன் காரணத்தை ஆராய்ந்தபோது, இந்த வீட்டுக் கரைசல் முக்கியமான காரணங்களுள் ஒன்றாக வந்து நின்றது. கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ சுத்தமானதுதானே, அதில் கழுவினால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இந்த வரலாறுதான். குடிப்பதற்குச் சுத்தமான நீர் வேறு, கண்ணில் வைப்பதற்குக் கிருமியற்ற நீர் வேறு. காய்ச்சி ஆறவைத்த நீரும் பாத்திரம் மாறும்போதே அந்தத் தகுதியை இழந்துவிடுகிறது. போதாததற்கு, உப்பற்ற சாதாரண நீர் பட்டால் மென் லென்ஸ் உப்பிக் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அமீபா பற்றிக்கொள்வது அந்தக் கீறல்களில்தான்.

இந்த உயிரின் கெட்டிக்காரத்தனம் அதன் இரட்டை வாழ்க்கையில் இருக்கிறது. உணவும் ஈரமும் உள்ளபோது, முள்முள்ளான நீட்சிகளோடு ஊர்ந்து திரிந்து பாக்டீரியாவைத் தின்கிறது. உணவு தீர்ந்தாலோ மருந்து பட்டாலோ, ஈரடுக்குச் சுவரால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உறங்கிவிடுகிறது. உள்சுவரில் செல்லுலோஸ் இருப்பதால் அக்கூடு மிக உறுதியானது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலர்ந்து கிடந்த கூடுகள் மீண்டும் உயிர்பெற்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் அதை அசைப்பதில்லை. லென்ஸ் சொல்யூஷன்களுக்கான பழைய பன்னாட்டுத் தரச் சோதனையில் மூன்று பாக்டீரியாக்களும் இரண்டு பூஞ்சைகளும் மட்டுமே இடம்பெற்றிருந்தன, அமீபா இல்லை. அதாவது, தரச்சான்று பெற்ற சொல்யூஷன் எல்லாமே அகந்தமீபாவின் கூட்டைக் கொல்லும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. 2007ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் இத்தொற்றுடன் தொடர்புபடுத்தப்பட்ட ஒரு சொல்யூஷனைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். எந்த சொல்யூஷன் சிறந்தது என்று கேட்கும்போது நாங்கள் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடாமல், எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துக் கழுவினால் பெருமளவு கிருமி அதிலேயே போய்விடும். தேய்க்காமல் ஊறப்போடுவது மட்டும் போதாது, பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

எங்களைக் கேட்டால், லென்ஸைவிட லென்ஸ் டப்பாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்போம். சில மாதம் பயன்படுத்திய டப்பாவின் மூடியைத் திருகி எடுத்து, அடியில் உள்ள வளைவை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். பாசி பிடித்த குடத்தின் அடிபோல் மெல்லிய வழுவழுப்பு தட்டுப்படும். திருகு மரையின் இடுக்கில் வெண்மையாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு இருக்கும். அது பாக்டீரியா கட்டிய படலம், அமீபாவுக்கு அன்றாடச் சாப்பாடு. பழைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன்மேலேயே கொஞ்சம் புதிதை ஊற்றி நிரப்புவது, அந்தப் பந்தி ஓயாமல் நடக்க வழிசெய்வது. ஆகவே ஒவ்வொரு நாளும் டப்பாவில் உள்ளதை முழுவதும் கொட்டிவிட்டு, சொல்யூஷனாலேயே தேய்த்துக் கழுவி, சுத்தமான டிஷ்யூ தாளில் குப்புறக் கவிழ்த்து, மூடிகளையும் கழற்றி உலரவிடுங்கள். குளியலறை அலமாரியில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையே மாற்றிவிடுங்கள். பெரிய பாட்டிலிலிருந்து சிறு பாட்டிலில் சொல்யூஷனை ஊற்றித் தரும்படி, ஊருக்குப் போகும்போது சிலர் கேட்பதுண்டு. அதற்கு நாங்கள் இசைவதில்லை. மனம் வருந்த வேண்டாம், சிறிய அளவிலேயே முத்திரையோடு வருவது கிடைக்கிறது.

லென்ஸைத் தொடுமுன் கையைச் சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், துடைக்க வேண்டும் என்ற பாதியைத்தான் மறந்துவிடுகிறோம். ஈர விரலில் இருப்பதும் தொட்டித் தண்ணீர்தான். நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் நீர் நேராகக் குழாய்க்கு வருவதில்லை. சம்ப்பில் தேங்கி, மோட்டாரில் ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் கிடந்து, பிறகுதான் இறங்குகிறது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது எத்தனை சம்ப்புகளில் சேற்று நீர் கலந்தது என்பது உங்களுக்கே தெரியும். இத்தகைய தொட்டிகளின் அடி வண்டல் அமீபாவுக்கு ஏற்ற வாழிடம். ஆகவே குளிக்கும்போதும், முகம் கழுவும்போதும், நீந்தும்போதும், கடலில் இறங்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

தினமும் ஒன்று போட்டு எறியும் லென்ஸை நாங்கள் பரிந்துரைத்தால், விற்பனைக்காகச் சொல்கிறோம் என்று சிலர் நினைப்பது இயல்பு. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவின்படி, தினசரி லென்ஸ் அணிபவரோடு ஒப்பிட, கழுவித் திரும்பப் போடும் லென்ஸ் அணிபவருக்கு அகந்தமீபா தொற்றின் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. லென்ஸோடு ஷவரில் குளிப்பதும், லென்ஸோடு உறங்குவதும் வாய்ப்பைத் தனித்தனியே மூன்று மடங்குக்கு மேல் கூட்டின. தினசரி லென்ஸையும் எச்சில் தொட்டும் குழாயில் காட்டியும் மறுநாள் போடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாதச் செலவு கட்டுப்படி ஆகாதென்றால், அரைகுறையாக லென்ஸ் அணிவதைவிட நல்லதொரு கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வதே மேல். கடைக்காரர் சொல்லக் கூடாத வார்த்தைதான், ஆனாலும் சொல்கிறோம்.

அறிகுறிகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் நாள் வீணாகிறது. கண் சிவப்பது, நீர் வடிவது, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது எல்லாம் பிற தொற்றுகளிலும் உண்டு. இதில் பலருக்குக் கண்ணின் தோற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி இருக்கும், ஏனெனில் அமீபா கருவிழியின் நரம்புகளைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகிறது. தொடக்கத்தில் இது ஹெர்பீஸ் வைரஸ் தொற்றுபோலவே தோன்றுவதால் அனுபவமிக்க மருத்துவர்களும் தடுமாற நேர்வதுண்டு. கருவிழியில் வளையம்போல் வெண்மை படர்வது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான் தெரியும். லென்ஸ் அணிபவர் கண் சிவந்தால் உடனே கழற்றிவிட்டு, அதை எறியாமல் டப்பாவோடு எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸ் அணிபவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பும் வலியும் இரண்டு நாள் குறைந்ததுபோல் இருக்கும், உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

மருத்துவர் கருவிழியைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். ஆய்வகத்தில் ஊட்டமற்ற அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் ஈ கோலை பாக்டீரியாவைப் பூசி அதன்மேல் மாதிரியை வைத்தால், அமீபா தின்றுகொண்டே நகர்ந்த தடங்கள் தட்டில் தெரியும். இதற்கான கண் மருத்துவ வசதி தேடி நாம் சென்னைவரை போக வேண்டியதில்லை. புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கின்றன. சிகிச்சை நீண்டது. நீச்சல் குளங்களைச் சுத்திகரிக்கவும் பயன்படும் பிஎச்எம்பி என்ற மருந்தை மிக நீர்த்த சொட்டாக, முதல் சில நாள்கள் இரவு பகல் பாராமல் மணிக்கொரு முறை விட்டு, பின் மாதக்கணக்கில் தொடர வேண்டும். அதன் செறிவு கூடிய வடிவத்தைப் பிரிட்டன், இத்தாலி, போலந்து நாடுகளில் சோதித்தபோது, தனி மருந்தாகவே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணம் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதற்கு அனுமதி அளித்தது. தாமதித்து வந்தவருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்படலாம்.

லென்ஸ் அணியாத வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சொல். மேலை நாடுகளில் இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் லென்ஸ் அணிபவர்கள். ஹைதராபாத், மதுரை போன்ற நம் நாட்டு மையங்களின் ஆய்வுகளில், பெரும்பாலோர் லென்ஸையே பார்த்திராத உழைப்பாளிகள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோகை கண்ணில் கீறினாலோ, கதிரடிக்கும்போது தூசு விழுந்தாலோ, வாய்க்கால் நீரை அள்ளி அடித்துக் கழுவுவதும், நந்தியாவட்டைச் சாறோ தாய்ப்பாலோ விடுவதும், நாக்கால் தூசி எடுப்பதும் இன்னும் நடக்கின்றன. கருவிழியில் கீறல் விழுந்த கண்ணுக்கு இவை எதுவும் மருந்தல்ல. கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் பக்கவாட்டு மறைப்புள்ள சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தாலே பெரும்பாலான கீறல்கள் தவிர்க்கப்படும்.

அடுத்த முறை கடைக்கு வரும்போது இப்போது பயன்படுத்தும் டப்பாவைக் கையோடு கொண்டு வாருங்கள். பழையதை வாங்கிக்கொண்டு, தொடங்கிய தேதியும் தண்ணீர் கூடாது என்ற குறிப்பும் மூடியில் ஒட்டிய புது டப்பாவை விலையின்றித் தருகிறோம். லென்ஸை முதன்முதலாக வாங்குபவர்களுக்கு, தண்ணீர் இல்லாமல் போட்டுக் கழற்றிக் கழுவும் முறையைக் கடையில் அமரவைத்துச் செய்து காட்டிய பிறகே பொட்டலத்தைக் கையில் கொடுப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். அதற்குச் சற்று நேரமாகும், அவசரமில்லாத வேளையில் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக் கடையார்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.