பொய் சொன்னது இழை அல்ல

பாலப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பாலத்தின் மேல் ஏறும் பாரத்தை அளக்க, அதற்குள் ஆப்டிகல் ஃபைபர் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை) பதித்த குழுவில் நானும் ஒருவன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக்கட்டுக்குள் குனிந்து உட்கார்ந்து, இழையில் நீட்சியை உணரும் கிரேட்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் ஒட்டியவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் வேறொரு கேபிள் வேலையாகப் பாலத்தடிக்கு வந்தபோது, இழைகளுக்குள் ஒளி அனுப்பி, திரும்புவதைப் படிக்கும் வாசிப்புக் கருவி இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். (பூட்டு இல்லை. அது தனிக் கதை.) கருவியைக் காணோம், அதன் இடத்தில் இரண்டு பெயிண்ட் டப்பா. இழைகளின் முனைகள் மூடிகூட இல்லாமல் தொங்கின. விசாரித்தால், "தினமும் மதியம் பொய் அலாரம் அடித்தது, கழற்றிவிட்டோம்" என்றார்கள்.

அந்தக் கருவியைத் திரும்ப மாட்டுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை.

மதியம் ஏன் அடித்தது என்பதற்கான பதில் நாங்கள் கொடுத்த கோப்பிலேயே இருக்கிறது. கிரேட்டிங் என்பது இழையின் கோருக்குள் (ஒளி ஓடும் நடுப்பகுதி) ஏறக்குறைய அரை மைக்ரான் இடைவெளியில் எழுதிய வரிகள். வரும் ஒளியில் ஒரு அலைநீளத்தை மட்டும் அது திருப்பி அனுப்பும். இழை நீண்டால் வரிகள் விலகும், திரும்பும் அலைநீளமும் கூடும். 1550 நானோமீட்டர் பக்கத்தில், நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு (இதுதான் ஒரு மைக்ரோஸ்ட்ரெய்ன்) கூடினால் அலைநீளம் சுமார் 1.2 பைக்கோமீட்டர் கூடும்; பைக்கோமீட்டர் என்பது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் சூட்டுக்கும் அது நகரும், டிகிரிக்குச் சுமார் 10 பைக்கோமீட்டர். காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 150 பைக்கோமீட்டர். அதை நீட்சி என்று படித்தால் 125 மைக்ரோஸ்ட்ரெய்ன். பாலத்தின் மேல் ஒரு லாரிகூட இல்லாதபோது!

இதற்காகத்தான் ஒரு கிரேட்டிங்கை எதிலும் ஒட்டாமல் சிறு குழாய்க்குள் தளர்வாக விட்டோம். பாரம் அதைத் தொடாது, சூட்டை மட்டும் சொல்லும். அதைக் கழித்து, கான்கிரீட் தானாக விரிவதற்கும் கணக்குப் போட்டால் மீதிதான் பாரம். அந்த இழையின் கனெக்டரை என் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். முகத்தின் நடுவில் கறை. பெட்டி திறந்து கிடந்ததால் வந்த புதுத் தூசி அல்ல. செருகி அழுத்தியதில் நசுங்கிப் பரவிய அழுக்கு. அதாவது, கருவி ஓடியபோதே இருந்தது. கோர் வெறும் 9 மைக்ரான், ஒளியை மறைக்க ஒரு துகள் போதும். கழிக்க எண் கிடைக்காத மென்பொருள் வெயிலைப் பாரம் என்று அறிவித்திருக்கிறது. துடைக்க ஒரு நிமிடம் ஆனது. ஓடிடிஆரில் (ஒளித் துடிப்பு அனுப்பி இழை அறுந்த இடத்தைக் காட்டும் கருவி) பார்த்தேன், இழை எங்கும் அறுந்திருக்கவில்லை.

கண்ணாடிக்குள் இருக்கும் மாசை நீக்கினால் ஒளி வெகுதூரம் போகும் என்று ஒளி இழை ஆய்வாளர்கள் காவோவும் ஹாக்கமும் 1966-ல் எழுதினார்கள். இன்று 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சுகிறது. உள்ளே இருந்த மாசை நீக்க அத்தனை பேர் பாடுபட்டார்கள். வெளியே முகத்தில் இருந்ததைத் துடைக்க நம்மிடம் ஆள் இல்லை.

திறப்பு விழாவில் 'பேசும் பாலம்' என்று சொல்லத் தெரிந்தது. பேசினால் கேட்க ஒரு ஆளைப் போடத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கடலடியில் தரவு அனுப்பப் போட்ட கேபிளின் 20 கிலோமீட்டரை வைத்து நிலநடுக்கத்தைப் பதிவு செய்து 2019-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அது நில அதிர்வைக் கேட்கவென்று போட்டதுகூட அல்ல. நாம் கேட்பதற்கென்றே பதித்துவிட்டு பெயிண்ட் டப்பா வைக்கிறோம். இதே வேகத்தில் போனால் அடுத்த முறை கட்டும்போதே டப்பாவுக்கு அளவெடுத்துப் பெட்டி செய்துவிடலாம்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கான்கிரீட்டுக்குள் இருப்பதை இனி யாராலும் எடுத்துப் பதிக்க முடியாது, அந்த ஆதங்கம்தான். தயவுசெய்து கருவியைத் திரும்ப மாட்டுங்கள். ஒரு நாள் சொன்னால் வந்து கனெக்டர்களைச் சுத்தம் செய்து, திருத்தக் கணக்கையும் சரிபார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

முனைகளுக்கு மூடி போட்டுவிட்டேன். டப்பாக்களைத் தொடவில்லை, அவை உங்கள் பொறுப்பில் உள்ளவை.

இப்படிக்கு,
இழை ஒட்டியவர்களில் ஒருவன்