குவார்ட்டர்பேக்கைத் திட்டும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை ராத்திரி நீ அனுப்பிய குரல் பதிவை முழுசாகக் கேட்டேன். உன் பல்கலைக்கழக அணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒண்ணுத்துக்கும் உதவாதவன், போன வருஷத்தைவிட மோசமாகிவிட்டான், உடனே பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். மேற்படிப்புக்குப் போன இடத்தில் அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம் பிடித்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொல்லு, அந்தப் பையனுக்கு இது எத்தனையாவது அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்?

டிவி கேமரா எப்போதும் ஹெட் கோச் முகத்தையே காட்டும். குவார்ட்டர்பேக்கின் பிழைப்பு பெரும்பாலும் கோஆர்டினேட்டர் கையில் இருக்கிறது. அவர் மாறினால் ஆட்டத் திட்டங்களின் தொகுப்பான பிளேபுக் மட்டும் மாறுவதில்லை. ஒருவர் ஒரு நகர்வுக்கான உத்தரவை ஒரு முழு வாக்கியமாகச் சொல்வார், இன்னொருவர் இரண்டே சொல்லில் முடிப்பார், மற்றொருவர் எண்களில் சொல்வார். பந்தை வாங்கிக்கொண்டு எத்தனை அடி பின்னால் போவது, பந்தைப் பிடிக்க ஓடும் எந்த ரிசீவரை முதலில் பார்ப்பது, அவன் மாட்டிக்கொண்டால் அடுத்து யார், முன்னால் நிற்கும் தடுப்பு வரிசைக்கு உத்தரவு போடுவது இவனா, நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் சென்டரா, எல்லாமே மாறும். சங்கீதம் கற்றவர்களுக்கு இது புரியும். ஒரே கீர்த்தனையை ஒரு பாடாந்தரத்தில் ஊற வைத்த பிறகு, வேறு குரு வந்து சங்கதிகளை மாற்றிப் பாடச் சொன்னால் முதல் கச்சேரியில் நாக்கு பழைய இடத்துக்கே போகும். இங்கே தடுமாற இருப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் நூற்றிருபது கிலோ ஆள் ஒருவன் வந்து மேலே விழுவான்.

சரி, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே என்பாய். வசந்தகாலப் பயிற்சி மொத்தமே 15 அமர்வு. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விதி. அவனும் உன்னைப்போல வகுப்புக்குப் போகிற பையன்தான்.

ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கின் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். 2016-ல் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வருஷமே அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனான். அவனுக்குக் கோஆர்டினேட்டர் லேன் கிஃபின். ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் வேலை கிடைத்ததும், தேசிய இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் விலக, ஸ்டீவ் சார்க்கீசியன் பொறுப்பேற்றார். ஒரு வாரம்! கிளெம்சனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஹர்ட்ஸ் வீசிய 31 பந்தில் 13 தான் கை சேர்ந்தது. ஆனாலும் கடைசி இரண்டு நிமிஷம் இருக்கையில் 30 கெஜம் ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தான். ஒரு விநாடி மிச்சமிருக்கக் கிளெம்சன் 35-31 என்று பிடுங்கிக்கொண்டது. அடுத்த மாதமே சார்க்கீசியன் அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். 2017-ல் பேட்ரியட்ஸ் என்ற இன்னொரு தொழில்முறை அணியிலிருந்து பிரையன் டேபோல் வந்தார். இறுதிப் போட்டியின் முதல் பாதியில் ஜார்ஜியாவிடம் 13-0 என்று பின்தங்க, ஹர்ட்ஸை உட்கார வைத்து இன்னொரு குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவாவை இறக்கினார்கள். கோப்பை கிடைத்தது. டேபோல் பஃபலோவின் தொழில்முறை அணிக்குக் கிளம்பினார். 2018-ல் மைக் லாக்ஸ்லி. அவரும் அந்த வருஷம் முடிந்ததும் மேரிலாண்டுக்கு ஹெட் கோச்சாக.

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது, யாரையும் தோற்றதற்காக அனுப்பவில்லை என்பதுதான். ஜெயித்தால் பெரிய வேலை தேடி கோச் போவார், தோற்றால் துரத்துவார்கள். நல்ல அணியின் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டு வழியிலும் நஷ்டம்.

2019-ல் ஹர்ட்ஸ் ஓக்லஹோமாவுக்கு மாறி, தாக்குதல் ஆட்டத்தைத் தானே நடத்திய ஹெட் கோச் லிங்கன் ரைலியிடம் போனான். நாலு சீசனில் ஐந்தாவது ஆள். அங்கே 32 டச்டவுன் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) வீசி, 20 ஓடி எடுத்து, சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருதுத் தேர்வில் ஜோ பரோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தான்.

உடனே நீ மடக்குவாய், ஐந்தாவது ஆளிடம் பிரமாதமாக ஆடினானே, அப்புறம் மாற்றத்தில் என்ன கெடுதல் என்று. நியாயமான கேள்வி. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஜேசன் கேம்பலை வைத்துக்கூட நீ கேட்கலாம். 2001-லிருந்து நோயல் மசோனி, பாபி பெட்ரினோ, ஹியூ நால், அல் போர்ஜஸ் என்று வருஷத்துக்கு ஒரு கோஆர்டினேட்டர். நாலாவதான போர்ஜஸோடு 2004-ல் 13 ஆட்டத்திலும் வெற்றி. ஆனால் போர்ஜஸ் வந்தபோது கார்னெல் வில்லியம்ஸ், ரானி பிரவுன் என்ற இரண்டு அசாத்திய ஓட்டக்காரர்கள் அங்கே தயாராக இருந்தார்கள், ஹெட் கோச் டாமி டூபர்வில் மாறவில்லை, ஹியூ நாலும் தடுப்பு வரிசையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்தார். எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 10-9 என்று மயிரிழையில் ஜெயித்ததையும் சொல்ல வேண்டும். டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு புள்ளி உதை தவறி, எதிரணி மீது தண்டனை விழுந்ததால் மறுபடி உதைக்கக் கிடைத்தது. அது இல்லாவிட்டால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்போம்.

அதனால் என் கணக்கு இது: யார் புதுசாக வந்தார் என்பதைவிட யார் மிஞ்சியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பரோவை எடுத்துக்கொள். எல்எஸ்யூவில் 2018-ல் 16 டச்டவுன் வீசியவன் 2019-ல் 60 வீசினான். எல்லாரும் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்த இளைஞர் ஜோ பிரேடியைப் புகழ்ந்தார்கள். அவர் பாஸிங் ஆட்டத்தை மட்டும் கவனிக்க வந்தவர். கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் இரண்டு வருஷமும் அதே நாற்காலியில்தான் இருந்தார். பரோ எதையும் மறக்க வேண்டியிருக்கவில்லை, இருந்ததன் மேல் சேர்த்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் பையன்கள் கோச்சின் பின்னாலேயே போய்விடுகிறார்கள். 2021 கடைசியில் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யுஎஸ்சிக்கு (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனார், அவருடைய குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் பின்னால் போய் 2022-ல் ஹைஸ்மன் வாங்கினான். விசுவாசம் இல்லாதவன் என்று ஓக்லஹோமாக்காரர்கள் திட்டினார்கள். எனக்கு அவன் செய்தது சரி என்றே படுகிறது. முதலில் போனது யார்?

நீ திட்டும் அந்தக் குவார்ட்டர்பேக்குக்கு வருவோம். வருகிற ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதே, அவன் காலைப் பார். பின்வாங்கும்போது கால் நின்று நின்று நகர்ந்தால் தலைக்குள் இன்னும் யோசனை ஓடுகிறது என்று அர்த்தம். அது அக்டோபர் கடைசிக்குள் சரியாகலாம். கால் ஒழுங்காகப் போயும் எதிரணிக்காரன் கையிலேயே வீசுகிறான் என்றால் சொல்லு, நானும் உன்னோடு சேர்ந்து திட்டுகிறேன். அப்புறம், அவர்களுடைய தடுப்பு வரிசைக் கோச்சும் மாறிவிட்டாரா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
மாமா