தீச்சுவரில் 11 ஓட்டை

கடலூர் முதுநகர்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

முட்டி வலி எப்படி இருக்கிறது? போன வாரம் நீ போன் பண்ணினபோது பட்டறையில் ஒரே இரைச்சல், பாதி காதில் விழவில்லை. அதனால்தான் கடிதம். பேத்திக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டாச்சு. மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

நீ கேட்டது நான் பட்டறையில் கட்டுகிற விமானத்தைப் பற்றித்தானே? இறக்கைக் கூடு முடிந்து சுவரோரம் நிற்கிறது. இப்போது கை வைத்திருப்பது தீச்சுவரில். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கிற தகடு. முதலில் ஜி.ஐ. தகட்டில்தான் (துத்தநாகம் பூசின இரும்பு) வெட்டினேன், விலை குறைவு. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலில் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், திருநீறு பூசினது மாதிரி தகடு முழுக்க வெள்ளைத் துரு. தூக்கிப் போட்டுவிட்டு 26 கேஜ் ஸ்டெயின்லெஸ் வாங்கினேன். அரை மில்லிகூட இருக்காது.

இவ்வளவு மெலிசா என்று நீ சிரிப்பாய். எனக்கும் சந்தேகம்தான். டார்ச்சைப் பற்றவைத்து, முதலில் அலுமினியத் துண்டில் காட்டினேன். 660 டிகிரியில் உருகுகிற சாமான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்ந்து ஓட்டை விழுந்தது. ஸ்டெயின்லெஸ் துண்டு தணலாகச் சிவந்தது, நெளிந்தது, ஆனால் நின்றது. அமெரிக்க விதிப்படி தீச்சுவர் சுமார் 1,100 டிகிரிச் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும். எஞ்சினில் தீப்பிடித்தால், பெட்ரோலை அடைத்துவிட்டு, ஏதாவது வயலைப் பார்த்து இறங்குவதற்குள் தீ உள்ளே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சுவர் வைக்க ஒரு நாள் ஆனது. ஓட்டை போட ஒரு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். சுவரைத் தாண்டி எஞ்சினுக்குப் போக வேண்டியவை: பெட்ரோல் குழாய், திராட்டில் கேபிள், சோக், பேட்டரி ஒயர், ஆயில் பிரஷர் குழாய்... எண்ணினால் 11. ஒயர் உரசாமலிருக்க காரில் ஓட்டைக்குப் போடுகிற மாதிரி ரப்பர் புஷ் (வளையம்) ஒன்றைச் சோதனைத் துண்டில் மாட்டிப் பார்த்தேன். கரும்புகை விட்டு ஒழுகிப் போனது; அந்த வட்டத்துக்குள்ளே சுடர் இந்தப் பக்கம் நாக்கு நீட்டியது. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

துளைப்பதும் லேசில்லை. ட்ரில்லை வேகமாக விட்டால் அந்த இடம் இறுகிக்கொள்ளும். அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. மெதுவாகச் சுற்றவிட்டு, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடிக்க வேண்டும். சுருள் சுருளாக வந்தால் சரி, நீலம் பூத்தால் பிட் போச்சு. மூன்று போச்சு.

சூடு வராமலிருக்க உள்பக்கம் பஞ்சு மெத்தை ஒட்டலாமே என்றார் மருமகன். தகடு சிவந்தால் முதலில் புகைவது அந்தப் பசைதான். வேண்டாம் என்றுவிட்டேன்.

பறக்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டாய். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டின விமானத்துக்கு, வருஷக்கணக்கில் அலைந்து 2017-ல்தான் பதிவே கிடைத்தது. எனக்கு அவசரமில்லை.

இப்போது உன் லேத்துக்கு வேலை. ஸ்டெயின்லெஸ் ராடில் விளிம்பு வைத்த புஷ் 11 கடைந்து தர வேண்டும், அளவு பின்பக்கம் வரைந்திருக்கிறேன். மொத்தமாகப் போட்டுவிடாதே. இரண்டு மட்டும் கொண்டு வா, கேபிளை நுழைத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

உன்
ராமு