இடுப்பளவையும் எழுதிக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தக் கொதிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறையுங்கள், கவலையைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றும் சரி. ஆனால் உடல் எடை பற்றி ஒரு வரிகூட இல்லை. திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று வீடு வீடாகப் பார்த்தவள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தப் பெயர். கொதிப்பு என்றதும் நம் ஆட்களுக்குக் கோபம்தான் நினைவுக்கு வருகிறது. எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுகிறவர்களுக்கு வருகிற நோய் அது, சாதுவான ஆளுக்கு வராது என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பிரஷர் என்று சொல்லிப் பார்த்தாலும் அதே கதைதான். வீட்டில் பிரஷர், கடன்காரனால் பிரஷர் என்று பேச்சு மனசின் பக்கமே போய்விடும். வயிற்றின் பக்கம் வராது.

முக்கூடல் பக்கம் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தபோது காற்றடித்தால் சாய்ந்துவிடுவாள் போல இருந்தாள். வந்த மறுமாசமே பீடித்தட்டை மடியில் வைத்தாள். ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி முழுதாகக் கைக்கு வரும். காலையில் சமையலை முடித்து உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு எழும்புவாள், மறுபடி விளக்கு வைக்கும் வரைக்கும் உட்கார்ந்த இடம்தான். நடுவில் டீயும் ஒரு வடையும். இருபது வருஷம் இப்படியே போயிற்று. ‘இப்பத்தான் ஆள் பூசினாப்ல இருக்கா’ என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரு முகாமில் அவளுக்குப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 170/100 இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாமியார் நம்பவே இல்லை. “இவளுக்கா நர்சம்மா கொதிப்பு? எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டாளே!” என்றார். கொடுத்த மாத்திரையைத் தலை கிறங்குகிற நாளில் மட்டும் போட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவுக்குத் திரும்பியது. அந்தக் கைக்கு அப்புறம் பீடி இலை சுருட்ட வரவில்லை.

அவளிடம் உப்பைப் பற்றிச் சொன்னேன், மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். எடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. குண்டாக இருக்கிறாய் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது, மனசு நோகுமே என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

எடைக்கும் அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் பிற்காலத்தில் இப்படித்தான் சொல்லிவந்தேன். வயிற்றுக்குள் சேருகிற கொழுப்பு மூட்டை போலச் சும்மா கிடப்பதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றிச் சேர்ந்து அதை நெருக்குகிறது. நரம்புகளை முடுக்கிவிடுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்குகிற ஹார்மோன்களைக் கூட்டுகிறது. எல்லாம் சேர்ந்து, வெளியே போக வேண்டிய உப்பைச் சிறுநீரகம் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். கூடிப்போன அந்த ரத்தத்தை, இறுகிப்போன குழாய்களில் இதயம் தம் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. எடை கூடியவர்களில் பலருக்கு ராத்திரி குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். ஆகவே உப்பைக் குறை என்று சொல்லிவிட்டு எடையைச் சொல்லாமல் விடுவது பாதி வைத்தியம்தான்.

ஒல்லியான உடம்பில் கொதிப்பு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வயது, பரம்பரை, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. பருமனான எல்லோருக்கும் அழுத்தம் ஏறிவிடுவதும் இல்லை. ஓர் ஆளை வைத்துச் சொன்னால் எப்போதும் இப்படி ஒரு விலக்கு கிடைக்கும். ஊரையே சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற ஊரின் மக்களை 1948இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எடை ஏற ஏற அழுத்தமும் ஏறியதை அங்கே கண்டார்கள். நம் கதைக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆகியிருக்கிறது. அதே 2019-21 ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 30.2 சதவீதம் பேருக்கும் பெண்களில் 24.8 சதவீதம் பேருக்கும் அழுத்தம் கூடியிருந்தது, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலைந்து வருஷத்துக்குள் பத்தில் மூன்று பெண்கள் என்பது பத்தில் நான்கு ஆகிவிட்டது. இதற்கான விலையை இந்தப் பெண்கள் ஐம்பது வயதில் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த ஆய்வில் எடை மிஞ்சியது என்பதற்கு உடல் நிறைக் குறியீடு, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருகிற எண், 25 என்று வைத்திருக்கிறார்கள். நம் உடம்புவாகுக்கு 23 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் ஆட்கள் நம்மிடம் அதிகம். எடைமெஷின் அவர்களைக் காட்டிக்கொடுக்காது, டேப்தான் காட்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்குச் சொல்லப்பட்டிருக்கும் வரம்பு. எண் மறந்து போகிறவர்கள், தன் உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ‘என் அரைஞாண் கயிறு இன்னும் பழைய அளவுதான் நர்சம்மா’ என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் வாதாடியிருக்கிறார். வயிறு பெருக்கப் பெருக்கக் கயிறு அதற்குக் கீழே இறங்கிவிடும். அதை நம்ப முடியாது. பெண்களைக் கேட்டால் ஜாக்கெட்டில் தையல் பிரித்த கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

வீடு வீடாகப் பரிசோதிக்கும்போது நிரப்புகிற படிவத்தில் இடுப்பளவுக்கு என்றே ஒரு கட்டம் உண்டு. நானே அதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்து உத்தேசமாக நிரப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற அவசரம் ஒன்று. வாசலில் நாலு பேர் பார்க்க, சேலையை விலக்கி டேப் சுற்ற அந்தப் பெண்களுக்குக் கூச்சம் என்பது இன்னொன்று. அழுத்தத்துக்கு மட்டும் கருவி இருக்கிறது, எண் வருகிறது, மாத்திரை எழுதப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே வீட்டில், அதே ஐந்து நிமிஷத்தில், உள்ளறைக்குப் போய் இடுப்பையும் அளந்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடமே காட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. பருமனான கைக்குச் சின்னக் கைப்பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்றும் பையில் இருக்க வேண்டும்.

எடையைச் சொன்னதும் ‘வாயைக் கட்டவில்லை’ என்று ஆளைக் குற்றம் சொல்லும் பேச்சு வந்துவிடுகிறது. வெளியூர்க்காரர்கள் அல்வாவைக் காட்டுவார்கள். அல்வா எங்கள் வீடுகளில் விருந்தாளி வந்தால்தான். தினமும் இருப்பது ரேஷன் அரிசிச் சோறு, பாமாயிலில் பொரித்த ஏதோ ஒன்று, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், கருவாடு. ஆண்களுக்கு ராத்திரி பரோட்டாவும் சால்னாவும். நடவும் அறுப்பும் மெஷினுக்குப் போய்விட்டன. குழாய் வாசலுக்கு வந்தது, கிரைண்டர் வந்தது. வந்தது நல்லதுதான். ஆட்டுரலைத் திருப்பிக் கொண்டுவா என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அதில் எங்கள் அம்மாக்களின் தோள் தேய்ந்ததைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்த அசைவுக்குப் பதிலாக ஊர் என்ன கொடுத்தது? பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெண் சாயங்காலம் நடக்க வேண்டுமென்றால் லாரியும் பைக்கும் பறக்கிற ரோடுதான். நாலு பேர் ‘எங்கே கிளம்பிட்ட?’ என்று வேறு கேட்பார்கள். பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்க வரிசையில் நிற்கிற நேரத்தில் அங்கேயே வைத்து அழுத்தமும் இடுப்பும் பார்க்கலாம். அவர்கள் கட்டாயம் வருகிற இடம் அது.

எடையைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒரு கிலோ குறைந்தால் அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும் என்கின்றன ஆய்வுகள். ஐந்து கிலோ குறைந்தவருக்கு ஐந்து புள்ளி. ஒரு ஆளுக்கு அது பெரிதாகத் தெரியாது. மாத்திரையை நிறுத்தவும் அது போதாது, மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்தவும் கூடாது. ஆனால் ஒரு ஊரே ஐந்து புள்ளி இறங்கினால், அந்த ஊரில் கை விழுகிறவர்கள் குறைவார்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, இடுப்பளவு எடுப்பது எப்படி என்று ஒரு படம் போடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு, டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. துணியின் மேல் அளக்காதீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டேப் எங்கள் ஊரில் எந்தத் தையல்கடையில் கேட்டாலும் தருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருநெல்வேலி மாவட்டம்