ஸ்காட்ஸ் மொழிக்கு ஆசிரியர் வேண்டும்: ஸ்காட்லாந்து கல்வி அமைச்சருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஸ்காட்லாந்து கல்வி அமைச்சர் அவர்களுக்கும், மொழிக் கொள்கையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். அபர்டீன்ஷயர் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இங்கே பிள்ளை வளர்க்கும் நம் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான, ஸ்காட்லாந்து மக்கள் பேசும் தனிமொழி ஸ்காட்ஸ். வரும் கல்வியாண்டில் அந்த மொழிக்கான சான்றிதழ்ப் பாடம் நடக்காதாம், வேறு பாடம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். காரணம் ஒரே வரியில் இருந்தது: நடத்த ஆசிரியர் இல்லை. இதுவரை நடத்தியவர் ஓர் ஆங்கில ஆசிரியை. தன் வகுப்புகளுக்கு மேல், மதிய இடைவேளையிலும் மாலையிலும் ஆர்வத்தால் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஓய்வு பெற்றதும் பாடமும் நின்றுபோனது. பள்ளி மீது எனக்குக் கோபமில்லை. கொடுத்த ஆட்களை வைத்துக்கொண்டுதானே அவர்களும் ஓட்ட முடியும்? என் கேள்வி உங்களிடம்தான்.

ஸ்காட்ஸுக்கும், இங்கே பேசப்படும் இன்னொரு பழைய மொழியான கேலிக்குக்கும் (Gaelic) ஸ்காட்லாந்தின் ஆட்சிமொழித் தகுதி தரும் சட்டத்தை 2025இல் நிறைவேற்றினீர்கள். பள்ளிகளில் ஸ்காட்ஸ் எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்று தரம் வகுக்கும் அதிகாரம் அமைச்சர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை எங்கள் வீட்டிலும் கொண்டாடினோம். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஸ்காட்ஸ் வகுப்பு மூடுகிறது.

இந்தப் பாடத்துக்காக என் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைக் கொஞ்சம் கேளுங்கள். அவள் தோழியின் பாட்டிக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மா, ஹெர்ரிங் மீன் வரத்தைப் பின்தொடர்ந்து ஷெட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் யார்மத் வரை துறைமுகம் துறைமுகமாகப் போய் மீன் குடல் எடுத்த பெண்களில் ஒருவர். மூன்று பேர் ஒரு குழு. இருவர் கத்தி பிடிப்பார்கள், ஒருவர் பீப்பாயில் உப்போடு அடுக்குவார். கத்தி கிழித்த இடத்தில் உப்பு ஏறிவிடும் என்பதால் ஒவ்வொரு விரலுக்கும் துணிப்பட்டை சுற்றிக் கட்டிக்கொள்வார்களாம். இதையெல்லாம் பதிவு செய்ய என் மகள் கைப்பேசியோடு போய் உட்கார்ந்தாள்.

முதலில் அந்தப் பாட்டி ஆங்கிலத்தில்தான் பேசினார். அதுவும் ஆசிரியர் முன்னால் பேசுவது போல, நிறுத்தி நிறுத்தி, சொல்லைத் தேடித் தேடி. என் மகள் டோரிக்கிலேயே, அதாவது இந்தப் பகுதியின் ஸ்காட்ஸ் வட்டார வழக்கிலேயே, பதில் சொன்னதும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அப்புறம் பேச்சு தடையே இல்லாமல் ஓடியது. படகின் ஒவ்வொரு பாகத்துக்கும், காற்றின் ஒவ்வொரு திசைக்கும் பெயர் சொன்னார். நடுவில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வகுப்பில் இந்த மொழியைப் பேசியதற்காகத் தோல்வார் அடி வாங்கிய கை அது. ஸ்காட்ஸ் எங்குமே படித்தவர்களின் மொழி இல்லை, கல்விக்கு அது உதவாது என்று 1946இல் உங்கள் துறைக்காக எழுதப்பட்ட தொடக்கக் கல்வி அறிக்கை சொன்னது. அந்தக் காலத்தில் பள்ளிக்குப் போன குழந்தை இவர். தான் அடி வாங்கிய பேச்சுக்கு இன்று மதிப்பெண் உண்டு என்று கேள்விப்பட்டு, அடுத்த வாரமும் வா என்று என் மகளை அனுப்பிவைத்தார். அந்தப் பாடமே இனி இல்லை என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? அடுத்த தலைமுறை கேட்கும் வரை காத்திருக்கிற வயதா அது?

பாடப்பொருள் இல்லை என்று நீங்கள் சொல்லவே முடியாது. ஸ்காட்டிஷ் தேசிய அகராதி 1931இல் தொடங்கி 1976இல் பத்துத் தொகுதிகளாக முடிந்தது. பழைய ஸ்காட்ஸுக்கான பேரகராதி 2002இல் பன்னிரண்டு தொகுதிகளோடு நிறைவு பெற்றது. இரண்டையும் இன்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 1951இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளியின் ஒலிப்பதிவுகளிலும் ஏராளமானவை இணையத்தில் உள்ளன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் 1913இல் பேராசிரியர் பதவி வந்தது 1911ஆம் ஆண்டுக் கண்காட்சியின் வருமானத்தில். மக்கள் டிக்கெட் வாங்கி உண்டாக்கிய பதவி அது. பார்பர், டன்பார், ஃபெர்குசன், பர்ன்ஸ் என்று பெருங்கவிஞர்கள் எழுதிய மொழி இது. எல்லாம் இருக்கிறது. நேர அட்டவணையில் ஒரு மணி நேரமும், அதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும்தான் இல்லை.

பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் குழந்தைகளை மேடையேற்றி அவர் கவிதை சொல்லவைத்துப் பரிசு கொடுக்கிறோம். மறுநாள் அதே குழந்தை அதே மொழியில் பதில் சொன்னால் திருத்துகிறோம். ஹையர் (Higher) என்ற பள்ளி மேல்நிலைத் தேர்வின் ஆங்கிலத் தாளில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஒருவரின் படைப்பைப் பற்றி விடை எழுதியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய மெக்கேக்கையோ கேரல் ஆன் டஃபியையோ மட்டும் படித்து அதைக் கடந்துவிடலாம். நல்ல கவிஞர்கள்தான் இருவரும். அவர்களை வைத்து ஸ்காட்ஸ் கற்பித்த கணக்கைக் காட்டாதீர்கள்.

எழுதப் படிக்கக் கற்றுத்தராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2020இல் உலகமே பார்த்தது. ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் கட்டுரைகளை, அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல ஆண்டுகளாக எழுதிவந்திருந்தார். அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன பயன்? 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்ஸ் ஓரளவாவது தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 24 லட்சம் பேர், நாட்டில் ஏறக்குறைய பாதி. இத்தனை பேர் இருந்தும் அத்தனை ஆண்டுகள் அது நடந்தது என்றால், தங்கள் மொழியை எழுத்தில் பார்க்க அவர்களை யாரும் பழக்கவில்லை என்றுதானே பொருள்? கேலிக்குக்கு 2005 சட்டத்தின்படி அமைந்த வாரியம் இருக்கிறது, கேலிக்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. போராடி வாங்கியவை, இன்னும் வளரட்டும். ஸ்காட்ஸுக்கு அப்படி ஒரு வாரியம்கூடக் கிடையாது.

நம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை டோரிக்கில் பேசினால் “ஒழுங்கா இங்கிலீஷ் பேசு” என்று அதட்டுகிறோம். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் நாமே இதைச் செய்யலாமா?

அமைச்சர் அவர்களே, சூடாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஆசிரியர். ஆசிரியர் பயிற்சியில் ஸ்காட்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்ஸ் பேசப்படும் பகுதிகளில் உள்ள ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும், ஓர் ஆசிரியரின் வேலை நேரத்துக்குள்ளேயே இந்தப் பாடத்துக்கு மணி ஒதுக்குங்கள், அதற்கான சம்பளத்தை உள்ளாட்சி மன்றங்களுக்குக் கொடுங்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வந்து நிற்க வேண்டும். கணக்குக்கும் வேதியியலுக்கும் அப்படித்தானே நடக்கிறது?

ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது. பாடத்தேர்வுப் படிவத்தில் ஒரு கட்டத்தை என் மகள் இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறாள். பள்ளி அதைத் திரும்பக் கேட்பதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் அனுப்பித்தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அபர்டீன்ஷயரிலிருந்து ஒரு மாணவியின் தாய்